தலைவரின் வண்டி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். சின்னவளுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? புது இடத்தில் மாடிப்படி ஏற வேண்டியிருக்கிறதா?

ஏழு தடவை போன் செய்துவிட்டேன். மணி அடித்து அடித்துத் தானே ஓய்ந்துபோகிறது. பயந்துபோய் உன் ஆஸ்பத்திரிக்கே போட்டுக் கேட்டேன். "எக்ஸ்ரே மேடம் வேலைல இருக்காங்க, என்ன விஷயம்?" என்றார்கள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஆள் இருக்கிறாய், வேலைக்குப் போகிறாய். அது போதும் என்றுதான் இந்தக் கடிதம்.

மாமா போய் ஆறு வாரம் ஆகிறது. நீ மூன்றாவது வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

கிளப் விஷயம் எழுதினால் உனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ தெரியவில்லை. ஆனால் எனக்கு எழுத வேறு என்ன இருக்கிறது? லேத் பட்டறை, விட்டால் வீடு, விட்டால் இந்தப் பழைய மோட்டார் சைக்கிள் கிளப். மாமா தலைவர் பதவிக்கு மூன்றாம் தடவை நிற்பதாக இருந்தாரே, பிப்ரவரித் தேர்தல், அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். இப்போது மே நாலாம் தேதி என்று முடிவாகியிருக்கிறது. ரேடியோக்காரர் நிற்கிறார். மாமாவை எதிர்த்து நின்றவர்தானே, அதே ஆசையோடு அப்படியே நின்றுகொண்டிருக்கிறார். மாமா பக்கத்து ஆட்கள் என்னை நிற்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் பிடி கொடுக்கவில்லை.

பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் தம்பி

*

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்றே எழுதுகிறேன். வேறு சொல் கைவசம் இல்லை. முட்டி வலிக்கிறது, ஆனால் படி ஏறுகிறேன். மூன்றாவது மாடி. சின்னவளுக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் நெஞ்சுப் படம் ஒன்று எடுத்துப் பார்த்துவிடு. தள்ளிப் போடாதே.

அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு மேசை, கழுவும் தொட்டி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் தெரியும். காலை ஏழுக்குப் போய் நாலுக்கு வருகிறேன். தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது, அதனால் யாரும் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவதில்லை.

போன் வேண்டாம். மணி அடித்தால் எடுக்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதே. எழுது, படிக்கிறேன். கிளப் விஷயமும் எழுது. இருபத்தாறு வருஷம் கேட்ட கதைதானே.

ஒன்று மட்டும். அன்று காலையில் நீ அங்கே இருந்தாய், நான் இல்லை. நேரம் கிடைக்கும்போது அந்தக் காலையைப் பற்றி எழுது.

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. சின்னவளுக்குப் படம் எடுத்தாயிற்று. நெஞ்சு சுத்தம், தொண்டையில்தான் கோளாறாம். உன் முட்டிக்கு அந்த நீல டப்பா களிம்பு வாங்கி அனுப்பட்டுமா?

நான் நிற்கிறேன் அக்கா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். போன ஞாயிறு கிளப்பில், சலவைக் கடைக்கு மேலே அதே கூடம்தான், உனக்குத் தெரியும், கீழேயிருந்து ஆவி மேலே வந்து எல்லோரையும் அவித்துக்கொண்டிருந்தது. வாத்தியார்தான் தேர்தல் அதிகாரி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு நாற்பது பேரை வகுப்பு மாதிரி நடத்துவதில் ஒரு சுகம். "நிக்கிறவங்க கைய தூக்குங்க" என்றார். ரேடியோக்காரர் தூக்கினார். பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரர் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இறக்குவதற்குள் எழுதிக்கொண்டுவிட்டார்கள்.

சண்டை என்னவென்று கேட்டால் சிரிப்பாய். எந்த வருஷ வண்டி வரைக்கும் 'பழைய வண்டி' என்பதுதான் சண்டை. மாமா எழுபதுக்கு முந்தியதுதான் என்று பிடிவாதமாக இருந்தார். ரேடியோக்காரர் எண்பது வரைக்கும் விடலாம் என்கிறார். "எழுபத்தொண்ணுல செஞ்சது குழந்தையா? அதுக்கும் பல்லு விழுந்துடுச்சு" என்று அவர் கத்த, "அப்ப உங்களையும் பழைய வண்டின்னு சேத்துக்கலாம்" என்று பேக்கரிக்காரர் கத்த, ஆளாளுக்கு நாட்டாமை. கடைசியில் வாத்தியார் மேசையைத் தட்டி எல்லோரையும் உட்கார வைத்தார்.

இன்னொரு கோரிக்கையும் ரேடியோக்காரர் பக்கத்தாருக்கு இருந்தது. அறுபது தாண்டியவர்கள் பந்தயத்தில் ஓட்டக் கூடாதாம். அது மாமாவைக் குறி வைத்து எழுதியது. அதனால்தான் மாமா ஜனவரிப் பந்தயத்தில் ஓட்டியே தீருவேன் என்று நின்றார். இப்போது அந்தத் தாளை யாரும் எடுப்பதில்லை.

அன்று காலையைக் கேட்டிருந்தாய். உனக்குச் சொன்னதுதான். நாலாவது சுற்று, கீழ் வளைவு, வண்டி நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதியது. வழுக்கியிருக்கும். நான் பரிசோதனைக் கொட்டகைப் பக்கம் இருந்தேன். சத்தம்தான் கேட்டது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

*

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

களிம்பு வேண்டாம். இங்கேயே கிடைக்கிறது. சின்னவள் குணமானது நல்லது.

எழுத ஒன்றும் இல்லை. நாள் முழுக்க "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க" என்று சொல்கிறேன். எண்பது, தொண்ணூறு பேருக்கு. சாயங்காலம் அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு கழற்றுகிறேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று கூட வேலை பார்ப்பவள் சொல்கிறாள். அவள் நல்லவள்.

நாலாவது சுற்று, கீழ் வளைவு. சரி. அதற்கு முன்னால்?

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். எனக்குத்தான் வயிற்றில் எரிச்சல். காபியை விடச் சொல்கிறாள் வீட்டில். உன் உடம்பு எப்படி?

இந்தக் கடிதம் ஒரு காரியமாக எழுதுகிறேன். ரேடியோக்காரர் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார். தேர்தலுக்கு முன்னால் விபத்தைப் பற்றி விசாரணை வைக்க வேண்டுமாம். கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரு மனுஷன் செத்திருக்காரு. மூணு மாசமாச்சு. நாம எந்த வருஷத்து வண்டின்னு பேசிட்டிருக்கோம்" என்றார். சொல்வது என்னவோ நியாயம் மாதிரி இருக்கிறது. ஆனால் நான் தலைமைப் பரிசோதகர் என்பதும், என்னைத்தான் அது சுற்றி வளைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாதா? தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அவருக்கு மனசாட்சி விழித்துக்கொண்டதா? செத்தவரை வைத்து அரசியல் செய்கிறார். பேக்கரிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ரேடியோக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியார் ஒரு வழி சொல்கிறார். குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் விசாரணைக்கு அவசியமில்லை. அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். நாலே வரி. விபத்து ஓட்டியவரின் வேகத்தாலும் கவனக்குறைவாலும் நேர்ந்தது, குடும்பத்துக்கு யார் மீதும் புகார் இல்லை. கீழே கையெழுத்து. இஷ்டமிருந்தால் போடு. கட்டாயம் ஒன்றுமில்லை. இருபத்தைந்தாம் தேதிக்குள் வந்தால் நல்லது.

உன் தம்பி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

நலம். கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும்.

'வேகத்தாலும் கவனக்குறைவாலும்' என்பதை மட்டும் அடித்துவிட்டேன். மீதி அப்படியே இருக்கட்டும்.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கூரியர் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நீ நலம் என்று எழுதியதை நம்புகிறேன். இங்கும் அப்படியே.

ஜெயித்துவிட்டேன். இருபத்திரண்டு, பதினேழு. ஒரு சீட்டு வெறுமையாக இருந்தது.

வாக்குப் பெட்டி என்ன தெரியுமா? பேக்கரிக்காரர் கொண்டுவந்த பழைய பெட்ரோல் டேங்க். மூடியைக் கழற்றி அதில் சீட்டைப் போட வேண்டும். போடுவதெல்லாம் ஜோராகப் போட்டாயிற்று, எடுக்கும்போதுதான் வினை. கவிழ்த்துக் குலுக்கினால் நாலு சீட்டு வருகிறது, முப்பத்தாறு உள்ளே நிற்கிறது. வாத்தியார் கம்பியை விட்டுத் துழாவுகிறார். "கிழிஞ்சா செல்லாது, கிழிஞ்சா செல்லாது" என்று இரண்டு பக்கமும் கூச்சல். ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சீட்டும் எண்ணெய் வாசனையோடு பிறந்து வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் வலித்தது.

அனுதாப ஓட்டு என்று கீழே படிக்கட்டில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கட்டும்.

ரேடியோக்காரர் வந்து கை கொடுத்தார். நான் ஏதாவது குத்திப் பேசுவார் என்று காத்திருந்தேன். "உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். நலம் என்றேன். "நீங்க கேட்டதா சொல்றேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். நீ அடித்திருந்த வரியை அவர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லோரும் போனதும் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மாமா உயரத்துக்கு ஏற்றி வைத்த நாற்காலி. கால் தரையில் பாவவில்லை. இறக்கிக்கொள்ளலாம், திருகு இருக்கிறது. இறக்கவில்லை.

சந்தோஷமா என்று கேட்காதே.

உன் தம்பி

*

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். வயிற்று எரிச்சலை அலட்சியம் செய்யாதே. நான் நலம்.

ஜெயித்ததைப் படித்தேன்.

ஜனவரியில், ஆஸ்பத்திரியில் அவருடைய துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். தோல் கோட்டின் உள்பையில் ஒரு தாள் இருந்தது. பரிசோதனைத் தாள், ஓட்டுபவருக்குக் கொடுக்கும் நகல். அன்றைக்கே படித்துவிட்டேன். 'முன் பிரேக் கேபிள்: கைப்பிடி முனையில் இழை பிரிந்திருக்கிறது. மாற்றிய பிறகே அனுமதி.' அதற்குக் கீழே, வேறு பேனாவில், 'அனுமதிக்கப்படுகிறது.' கீழே கையெழுத்து. மாற்றியதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு எழுத்தும் உன் எழுத்து. உனக்கு எழுதப் பழக்கியவள் நான். 'ற'வின் வாலை மேலே சுழித்து விடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை, காட்டுவதாகவும் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் உனக்கு இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்தேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன். இனி நீ எழுது.

அக்கா

*

ஜூலை 2

அக்கா,

ஆறு வாரம் பதில் போடவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதலாம், ஆனால் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

அந்தக் காலை இதுதான்.

ஏழு மணிக்கு மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். எப்போதும் முதல் வண்டி அவருடையதுதான். தலைவர் வண்டி முதலில் பரிசோதனைக்கு நிற்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள் என்பார். நான் லீவரை அமுக்கிப் பார்த்தேன். முனையில் விரலை வைத்தால் இழை குத்தியது. அஞ்சாறு இழை போயிருந்தது. எழுதினேன். எழுதி நகலையும் கிழித்துக் கொடுத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"டேய், வேற கேபிள் இருக்கா?"

"இந்த வண்டிக்கு இல்ல மாமா. பட்டறைல செஞ்சு எடுத்துட்டு வரலாம். ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பந்தயம் ஒன்பது மணிக்கு."

"அடுத்த பந்தயத்துல ஓட்டுங்க."

"அடுத்த பந்தயம் மதியானம் சின்ன வண்டிங்களுக்கு. எனக்கு ஏது அடுத்த பந்தயம்?" வெளியே எட்டிப் பார்த்தார். ரேடியோக்காரர் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். "தலைவர் வண்டிய அவரோட மச்சானே திருப்பி அனுப்பினான்னா, அடுத்த மாசம் எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? வயசாயிடுச்சு, வண்டியும் போச்சுன்னு சொல்ல மாட்டானா?"

"மாமா, இழை போயிருக்கு."

"நாப்பது இழைல அஞ்சு போனா என்ன? பத்துச் சுத்து. பின் பிரேக்க வச்சு ஓட்டிக்கிறேன். போடுடா கையெழுத்த."

போட்டேன்.

அதட்டவில்லை அவர், அக்கா. கெஞ்சவும் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். என் பேனா அவர் கைபட்டுக் கீழே விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அதில்தான் எழுதினேன்.

மோதிய வண்டியில் கேபிள் அறுந்திருந்தது. மோதியதில் அறுந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அன்று சாயங்காலமே கிளப் கோப்பில் இருந்த தாளை எடுத்துவிட்டு, குறை எதுவும் இல்லாத புதுத் தாள் ஒன்று எழுதி வைத்தேன். ஓட்டுபவரின் நகல் ஒன்று இருக்கிறது என்பதே அப்போது எனக்கு நினைவில்லை. கையெல்லாம் யாருடையதோ மாதிரி வேலை செய்தது.

தேர்தலில் நின்றதும் அதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கோப்பு அலமாரிச் சாவி தலைவரிடம்தான் இருக்கும். அந்த வெற்றுச் சீட்டு என்னுடையது.

ஆறு மாதமாக நான் எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை. இதை உனக்கு இரக்கம் வரட்டும் என்று எழுதவில்லை. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

தம்பி

*

ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். முன்பு போலவே இருக்கிறேன். உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். படித்துவிட்டு உறையில் வைத்துவிட்டுப் போய் இரண்டு மணி நோயாளிகளைப் பார்த்தேன். இடுப்பு எலும்பு முறிந்த அம்மா ஒருத்தி. நல்ல படம் வந்தது.

நானும் ஒன்று எழுத வேண்டும். அன்று ஏழே முக்காலுக்கு அவர் எனக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. மேசை மேல் ஒரு பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். நாங்கள் ஒரு வாரமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை நிற்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார், நின்றுவிட்டார். அதிலிருந்து எது கேட்டாலும் நான் சொன்ன ஒரே பதில் "உங்க இஷ்டம்."

"முன் பிரேக் கொஞ்சம் சரியில்லை போலிருக்கு. உன் தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். ஓட்டட்டுமா, வேணாமா?" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு பந்தயத்துக்கு முன்னால் என்னைக் கேட்டது அது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். நான் சொன்னால் எனக்காக விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், கௌரவம் போகாது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. "உங்க இஷ்டம். எனக்கு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டேன். பெரியவரிடம் மூச்சை விடச் சொல்ல மறந்துபோய், அவர் முகம் சிவந்துவிட்டது.

போனை எடுக்க முடியாததற்குக் காரணம் இது. உன்னோடு இதை நிறுத்துப் பார்ப்பதற்காக எழுதவில்லை. உன்னுடையது உன்னுடையது. என்னுடையது இது.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். நான் சொல்ல மாட்டேன். ஒருவர் சொல்லி நீ செய்த காரியம் போதும்.

தாளை இத்துடன் அனுப்புகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டி எப்படி இருக்கிறது? மழை நாளில் அதிகம் வலிக்கும் என்பாயே.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு நடந்தது. முப்பத்து நாலு பேர் வந்திருந்தார்கள். முதல் விஷயம் கூடத்துக்கு மின்விசிறி, இரண்டாவது எழுபதா எண்பதா. வீட்டில் முந்தின வாரமே சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

எழுந்து நின்று தாளை வாசித்தேன். மாமா கேட்டுக் கையெழுத்துப் போட்டதையும், கோப்பில் இருந்ததை எடுத்ததையும், பொய்த் தாள் வைத்ததையும் சொன்னேன். ராஜினாமாவை மேசை மேல் வைத்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இத்தனை மாதம் நெஞ்சில் கிடந்தது இரண்டு நிமிஷம்தானா என்று இருந்தது.

யாரும் கத்தவில்லை அக்கா. அடிப்பார்கள் என்றுகூட நினைத்திருந்தேன். பேக்கரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்ப எதுக்குப்பா இதெல்லாம்? போனவரு போயிட்டாரு. அவரே கேட்டு வாங்கின கையெழுத்து." ஆமாம் ஆமாம் என்று பத்துக் குரல். வாத்தியார், "தலைவர் மன உளைச்சல்ல இருக்காரு, ராஜினாமாவ ஏத்துக்க வேணாம், அடுத்த விஷயத்துக்குப் போகலாம்" என்றார். நிஜமாகவே மின்விசிறிக்குப் போகப் பார்த்தார்கள். எல்லோருக்கும் என் மேல் பிரியம். மன்னிக்கவில்லை அவர்கள், கேட்காத மாதிரி இருந்தார்கள். அது எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

அப்போது ரேடியோக்காரர் எழுந்தார். "குறிப்புப் புத்தகத்துல எழுதுங்க" என்றார்.

"எதை?" என்றார் வாத்தியார்.

"அவர் சொன்னத. வார்த்தைக்கு வார்த்தை. எழுதிட்டு நான் சொல்றதையும் எழுதுங்க." வாத்தியார் பேனாவைத் திறக்கும் வரை காத்திருந்தார். "ஸ்டார்ட் கோட்டுல நான் அவருக்கு அடுத்து நின்னேன். லீவர அமுக்கினாரு, விட்டாரு. மறுபடியும் அமுக்கிக் குனிஞ்சு பாத்தாரு. ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. கைய தூக்கினா கொடி நின்னுருக்கும். ஆனா எதிர்த்து நிக்கிறவன் நான். நான் கைய தூக்கினா, தோத்துடுவேன்னு பயந்து பந்தயத்த நிறுத்துறான்னு சொல்லுவீங்க. சொல்லியிருப்பீங்களா இல்லையா?"



"அதான் தூக்கல" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் விசாரணை கேட்டது எதற்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைச் சுற்றி வளைக்க என்று உனக்கு எழுதினேனே. அவர் தன்னைச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் கேட்டிருக்கிறார்.

வாத்தியார் எழுதினார். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். நான் இனி எந்த வண்டியையும் பரிசோதிக்கக் கூடாது. தாளின் பிரதியும் குறிப்பின் பிரதியும் போலீசுக்கும் மேலே பந்தய அமைப்புக்கும் போகின்றன. கிளப் உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள், ஒரு வருஷமோ இரண்டோ. என் மேல் வழக்கு வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். வந்தால் வரட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான். பயமாக இருக்கிறது.

ரேடியோக்காரரைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். இப்போது தலைவர் இல்லாமல்தான் கிளப் இருக்கிறது. பந்தயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்களாம். நான் போவதில்லை.

நீ என்ன நினைக்கிறாய் என்று சொல்லவே இல்லை. திட்டியாவது எழுது அக்கா.

தம்பி

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி பரவாயில்லை. மழை இங்கே இன்னும் பிடிக்கவில்லை. வயிற்று எரிச்சலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா? வழக்கு விஷயமாக எது வந்தாலும் எனக்கு எழுது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வருவேன். இருந்ததை இருந்தபடி சொல்வேன். உனக்காக ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

ரேடியோக்காரருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

திட்டச் சொல்லிக் கேட்டிருந்தாய். நேற்று மேசையில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். ஒரு பக்கம் எழுதிப் படித்தால், வேறு யாரோ வேறு யாருக்கோ எழுதின மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். எனக்கு உன் மேல் கோபம் இல்லை, தம்பி. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. கோபம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை. எல்லாம் எங்கோ தாமதமாகிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வரும். தெரிகிறது. மரத்துப்போன கால் சரியாகும் முன் குத்துமே, அந்த மாதிரி இரண்டொரு நாள் காலையில் குத்துகிறது. வரும்போது பெரிதாக வரும். அவர் மேல் காட்ட முடியாது, அவர் இல்லை. என் மேல் காட்டிக்கொண்டு என்ன ஆகப் போகிறது? உன் மேல்தான் காட்ட வேண்டும். பெற்றவர்களும் இல்லாத எனக்கு, வாய்விட்டுத் திட்டுவதற்கு உலகத்தில் நீ ஒருத்தன்தான் மிச்சம்.

அதனால் வேளைக்குச் சாப்பிடு. மருந்து சாப்பிடு. சாலையில் மெதுவாகப் போ. நான் திட்டும்போது நீ இருக்க வேண்டும்.

அக்கா